‘அவங்களைப் பாரு!’ நோய்க்குக் கைவைத்தியம்

ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் மனசு கேட்காது. தன்னை அளந்து பார்க்க வேறு அளவுகோல் கிடைக்காதபோது மனிதர்கள் பக்கத்தில் இருப்பவரை வைத்தே அளந்துகொள்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். வழியும் அதிலேயே இருக்கிறது. எதை அளக்க வேண்டுமோ அதற்குச் சொந்தமாக ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டால், அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் வேலை பாதி குறையும்.

1. “என் தம்பி மகனுக்குப் பன்னிரண்டு லட்சம் பேக்கேஜ்” என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்ததும் மகனை முறைக்காதீர்கள். பேக்கேஜ் என்பது கைக்கு வரும் சம்பளம் அல்ல. பி.எஃப்.புக்கு நிறுவனம் போடும் பங்கு, கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் போனஸ் என்று பலதையும் அதற்குள் சேர்த்துக் காட்டுவார்கள். அப்படியும் மனசு ஆறவில்லையா? ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். கைக்கு வருவது, வாடகை, போக்குவரத்துச் செலவு, கடன் தவணை, இரவு வீடு திரும்பும் நேரம், ஊரில் யாருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். உங்கள் பத்தி ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். அவர் பத்தியில் பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே கிடக்கும். காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு கழித்தல் கணக்குப் போட முடியாது. தூத்துக்குடியில் சொந்த வீட்டிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிறவரையும், சென்னையில் வாடகை கொடுத்து ரயிலிலும் பஸ்ஸிலும் மாறி மாறிப் போகிறவரையும் ஒரே எண்ணை வைத்து எடைபோடுவது கணக்கே அல்ல.

2. “எங்க பாப்பா ஒன்பது மாசத்துலயே நடந்துட்டா, உங்க பையன் இன்னும் தவழ்றானே?” இந்தக் கேள்விக்கு உலக சுகாதார நிறுவனத்திடம் பதில் இருக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் அது வெளியிட்ட கணக்குப்படி, ஆரோக்கியமான குழந்தை பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்குவது ஏறக்குறைய எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்பதிலும் நடக்கலாம், பதினைந்திலும் நடக்கலாம். பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எடையும் இப்படித்தான். வளர்ச்சி வரைபடத்தில் மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பது, குழந்தை தன்னுடைய கோட்டை ஒட்டி மாதாமாதம் ஏறுகிறதா என்பதை. எதிர் வீட்டுக் குண்டுப் பாப்பா அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை.

3. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இலேயே விட்டுவிட்டது. சொந்தக்காரர்கள் இன்னும் விடவில்லை. ரிசல்ட் நாளன்று போன் வரும் என்பது தெரிந்த விஷயம்தானே, பதிலை முந்தின இரவே தயார் செய்துகொள்ளுங்கள். “பாஸாயிட்டான் சித்தி. என்ன கோர்ஸ்னு பார்த்துட்டு இருக்கோம். உங்க முட்டி வலி எப்படி இருக்கு?” இவ்வளவு போதும். முட்டி வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மார்க் மறந்துபோகும்.

4. பிள்ளைகளின் பழைய விடைத்தாள்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காலாண்டுத் தாளையும் அரையாண்டுத் தாளையும் அருகருகே வைத்து, எந்த வகைத் தப்பு குறைந்திருக்கிறது என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் யார் முதல் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

5. வாட்ஸ்அப்பில் ஒருவருடைய ஸ்டேட்டஸை அழுத்திப் பிடித்தால் மியூட் செய்யும் வசதி வரும். அவருக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 முதல் எல்லோருக்கும் உண்டு, செட்டிங்ஸில் தேடுங்கள். யாரை மியூட் செய்வது? பிடிக்காதவர்களை அல்ல. யாருடைய படத்தைப் பார்த்த பிறகு வீட்டுக்காரரிடம் எரிந்து விழுகிறீர்களோ, அவரை. பெரும்பாலும் உங்களுக்கு மிகவும் வேண்டியவராகத்தான் இருப்பார். அதனால் அவர் வீட்டு விசேஷத்துக்கு மறக்காமல் நேரில் போய் வந்துவிடுங்கள்.

6. எல்லோரும் ஊர் சுற்றுகிறார்கள், நாம் மட்டும் வீட்டில் கிடக்கிறோம் என்று தோன்றுகிறதா? பெரும்பாலானவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களைவிட அவர்களுடைய நண்பர்களுக்குத்தான் அதிக நண்பர்கள் இருப்பார்கள் என்று சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991இல் காட்டினார். காரணம் சுலபம். ஆயிரம் பேரைத் தெரிந்தவர் ஆயிரம் பேரின் போனிலும் இருப்பார். நாலு பேரை மட்டும் தெரிந்தவர் நாலு போனில்தான் இருப்பார். படங்களுக்கும் அதே கதிதான். கொடைக்கானல் போனவர் நாற்பது படம் போடுகிறார், வீட்டில் ரசம் வைத்தவர் ஒன்றுமே போடுவதில்லை.

7. கிரகப்பிரவேசம், வளைகாப்பு, காதுகுத்து முடிந்து வந்ததும் ஒரு வாரத்துக்கு வீட்டுக்கென்று பெரிய பொருள் எதையும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாளும் ஆசை இருந்தால், ‘ஏன்னா’ போட்டு ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். “புது அலமாரி வேணும், ஏன்னா பாத்திரம் வைக்க இடமில்லை” என்றால் வாங்குங்கள். “ஏன்னா நாத்தனார் வீட்டுல…” என்று ஆரம்பித்தால் இன்னொரு வாரம் போகட்டும்.

8. மொய்ப் பணத்தை வீட்டிலேயே கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். நம் வீட்டு விசேஷத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று மொய் நோட்டைப் பார்த்துத் தொகையை முடிவு செய்தால் போதும். மண்டபத்தில் முன்னால் நிற்பவர் எழுதச் சொல்லும் தொகை காதில் விழுந்ததும் பர்ஸைத் திறக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஒட்டிய கவரைப் பிரிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது.

9. அலுவலகத்தில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: இந்த வாரம் முடித்தது, புதிதாகக் கற்றது, தீர்த்துவைத்த சிக்கல். அப்ரைசல் சமயத்தில் “அவருக்குக் கொடுத்தீங்களே” என்று இழுப்பதைவிட இந்த நோட்டு நன்றாகப் பேசும். ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்றால் ஒப்பிட்டே ஆகவேண்டும், உரக்கக் கேட்கவும் வேண்டும். அதற்காகத்தான் 1976இலேயே சம ஊதியச் சட்டம் வந்தது. “அடுத்தவரோடு ஒப்பிடாதே, திருப்தியாக இரு” என்று மேலாளர் அறிவுரை சொன்னால் மட்டும் இந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டிவிடாதீர்கள்.

10. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை ஆராய்ந்து 1995இல் ஒரு கட்டுரை வந்தது. வெண்கலம் வாங்கியவர்கள், வெள்ளி வாங்கியவர்களைவிடச் சந்தோஷமாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரருக்குத் தவறிப்போன தங்கமும், வெண்கலக்காரருக்குக் கிட்டத்தட்டக் கைநழுவப் பார்த்த மேடையும் நினைவுக்கு வருகின்றன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இதைப் படித்துவிட்டு ‘நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்’ என்று கிளம்பிவிட வேண்டாம். அடுத்தவர் கஷ்டத்தை நம் ஆறுதலுக்கு மருந்தாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. ‘கிடைக்காமல் போயிருந்தால்?’ என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

11. கரண்ட் பில், மளிகைக் கணக்கு, நடைப்பயிற்சி நேரம் எல்லாவற்றையும் போன வருஷம் இதே மாதக் கணக்கோடு மட்டும் ஒத்துப் பாருங்கள்.

12. எதிர் வீட்டு மாடித் தோட்டத்தில் கத்திரி கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தால், ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் நேரில் போய்க் கேளுங்கள். எந்த உரம், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று சொல்லுவார்கள். பூச்சி அரித்து எத்தனை செடி போனது என்பதும் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். வரும்போது விதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

13. சாப்பாட்டு மேசைக்கு அருகில் ஒரு மண் உண்டியல். “உங்க அண்ணனைப் பாரு”, “பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாரு” என்று யார் வாயிலிருந்து வந்தாலும் பத்து ரூபாய் அபராதம். பாட்டிக்கும் சலுகை கிடையாது. நிறைந்ததும் உடைத்து எல்லோருமாகப் பரோட்டா சாப்பிடப் போகலாம். யார் அதிகம் போட்டது என்று மட்டும் எண்ணிப் பார்க்காதீர்கள்.