வீட்டுக் கணிப்பொறிக்கு ஏற்ற காவல்காரன்

போடிநாயக்கனூரில் ‘வைரஸ்’ என்று சொன்னால், ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கட்டே நோய்தான். இளம் இலையில் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிர்பச்சைக் கோடுகள் தோன்றும். செடி குன்றும். காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். அந்த வைரஸைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது அசுவினி என்னும் சிறு பூச்சி. நோய் கண்ட செடியைக் குணமாக்க மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி அழித்துவிட்டு நோயில்லாத நாற்றை நட வேண்டும் என்பது தோட்டக்காரர் எல்லாரும் அறிந்த செய்தி.

கணிப்பொறி வைரஸின் கதையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை, தோழியரே! அது யாரோ எழுதிய ஒரு நிரல். பென் டிரைவ், மின்னஞ்சலில் வரும் கோப்பு, திருட்டுப் பிரதி மென்பொருள் ஆகிய அசுவினிகளின் முதுகில் ஏறி அது வீட்டுக்கு வீடு போகிறது. ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் 1986-இல் லாகூர் நகரில் பிறந்தது. அதற்கு ‘பிரெயின்’ என்று பெயர். அதை எழுதிய சகோதரர் இருவரும் தங்கள் பெயர்களையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அந்த வைரஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள் என்று அறிந்தபோது எங்கள் வகுப்பில் ஒரே சிரிப்பு. இன்றைய வைரஸ்காரர்கள் முகவரி தருவதில்லை, பணம் கேட்கிறார்கள். 2017 மே 12 அன்று ‘வானாகிரை’ என்னும் வைரஸ் உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்றது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை உரிய காலத்தில் ஏற்றியிருந்த கணிப்பொறிகள் தப்பின. இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் தேவைப்படும்.

நம் வீட்டுக் கணிப்பொறியில் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஊரில் ஏலக்காய் விற்பனையே திரையில்தான் நடக்கிறது. நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. தோட்டக் கணக்கு, விற்பனைச் சீட்டு, வங்கிக் கடவுச்சொல் எல்லாம் வீட்டுக் கணிப்பொறியில் வந்து சேர்ந்துவிட்டன. தோட்டமில்லாத வீடுகளிலும் அக்காவின் சான்றிதழ் பிரதிகள், உதவித்தொகை விண்ணப்பம், இறந்துபோன தாத்தாவின் புகைப்படங்கள் இருக்கின்றன. பணம் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். தாத்தாவின் படத்தை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

ஆகவே காவல் வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட காவல்? இங்கேதான் நம் வீட்டு இயந்திரத்தின் நிலைமையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன்மாரும் அக்காமாரும் பெற்ற கணிப்பொறிகள் பல வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் தந்தவற்றில் ரேம் 2 ஜி.பி. மட்டுமே. உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். பொத்தானை அமுக்கிவிட்டுக் காப்பி போட்டுக் குடித்து வந்தால் திரை வந்திருக்கும். இதன் தலையில் பெரிய ஆன்டிவைரஸ் ஒன்றை ஏற்றினால், போடிமெட்டு ஏற்றத்தில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்பின் கதைதான்.

ஆன்டிவைரஸ் ஏன் சுமையாகிறது என்று முதலில் அறிவோம். அது மூன்று விதமாகக் காவல் செய்கிறது. ஒன்று, தெரிந்த வைரஸ்களின் அங்க அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒப்பிடுவது. இந்தப் பட்டியலைத்தான் அது நாள்தோறும் இணையத்திலிருந்து புதுப்பிக்கிறது. மற்றொன்று, ஒரு நிரலின் நடத்தையைக் கவனிப்பது. கணக்கு எழுத வந்த நிரல் திடீரென்று நூறு படங்களைப் பூட்டத் தொடங்கினால் பிடித்து நிறுத்துவது. இன்னொன்று, சந்தேகமான கோப்பைப் பற்றித் தொலைவிலுள்ள நிறுவனத்தின் பெரிய கணிப்பொறியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இந்தச் சோதனை நடக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரே நேரத்தில் நமக்கும் காவல்காரனுக்கும் கோப்பை எடுத்துத் தர வேண்டியிருப்பதால் திணறுகிறது. எனவே ‘வைரஸ் வந்துவிட்டது, கணிப்பொறி மெதுவாக ஓடுகிறது’ என்று நாம் புலம்புவதில் பாதி, வைரஸால் அல்ல, பழைய டிஸ்க்கால்தான் என்பது எங்கள் எண்ணம். ஆன்டிவைரஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால் வேகம் கூடும் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம்.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது? விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல், ஒவ்வொரு விண்டோஸ் கணிப்பொறியிலும் ‘டிஃபெண்டர்’ என்னும் முழுமையான ஆன்டிவைரஸ் உள்ளேயே அமைந்து வருகிறது. விலை கிடையாது, விளம்பரம் கிடையாது, தனியே இறக்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு “எங்கள் கணிப்பொறியில் ஆன்டிவைரஸ் இல்லை” என்றே சொல்கிறார்கள். கண்ணில் படாமல் வேலை செய்பவரை யாரும் எண்ணுவதில்லை போலும்; நம் பள்ளியின் இரவுக் காவலர் தாத்தாவை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

சும்மா கிடைப்பது சோடையாகத்தானே இருக்கும் என்ற ஐயம் எங்களுக்கும் இருந்தது. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் ஏ.வி.-டெஸ்ட் என்ற ஆய்வகமும், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ் என்ற ஆய்வகமும் ஆன்டிவைரஸ்களுக்கு நம்மைப் போலவே தேர்வு வைத்து முடிவுகளை வெளியிடுகின்றன. முதல் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என மூன்று பாடங்களுக்கும் தலா 6 மதிப்பெண் தருகிறது. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் அங்கே பெரும்பாலும் முழு மதிப்பெண்ணை ஒட்டியே பெற்று வருகிறது. ஆகவே இணைய வசதியுள்ள சாதாரண வீட்டுக்கு இதுவே போதும் என்பது எங்கள் முடிவு.

ஆனால் மலைமேல் உள்ள தோழியருக்கு ஒரு தனிச் செய்தி சொல்ல வேண்டும். டிஃபெண்டரின் பலத்தில் பெரும்பங்கு, தொலைவிலுள்ள கணிப்பொறியிடம் கேட்டறிவதில் இருக்கிறது. இணைப்பைத் துண்டித்து வைக்கும் தேர்வில் அது வேறு சில ஆன்டிவைரஸ்களைவிடப் பின்தங்குவதை இரண்டாவது ஆய்வகத்தின் முடிவுகள் காட்டுகின்றன. செல்போன் சிக்னல் ஒரு மரத்தடியில் மட்டும் கிடைக்கும் எஸ்டேட் வீடுகள் நம் மலையில் உண்டு. அத்தகைய வீட்டில் பென் டிரைவ் மூலமே கோப்புகள் வந்து போகுமானால், இணைப்பில்லாத வேளையிலும் நன்றாகக் கண்டுபிடிக்கும் பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பை எண்ணிப் பார்க்கலாம். எதை வைத்தாலும், போடிக்கு இறங்கும்போது கணிப்பொறியையும் எடுத்து வந்து, உறவினர் வீட்டு இணைப்பில் பட்டியலைப் புதுப்பித்துச் செல்வது நல்லது.

எதை வைத்தாலும் ஒன்றை மட்டும் வைக்க வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணுவோர் பலர். இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும். ஒன்றையொன்று திருடன் என்று ஐயுறும். கணிப்பொறி உறைந்து நிற்கும். வேறு ஆன்டிவைரஸ் வந்ததும் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்வது இதனால்தான். புதுக் கணிப்பொறியோடு சில மாதங்களுக்கு மட்டும் வரும் சோதனைப் பிரதிகளிலும் இந்தத் தொல்லை உண்டு. கெடு முடிந்ததும் “உங்கள் கணிப்பொறி ஆபத்தில் இருக்கிறது, பணம் கட்டுங்கள்” என்று சிவப்பு எழுத்தில் தினமும் மிரட்டும். எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா இதைக் கண்டு பயந்து இரண்டு நாள் கணிப்பொறியையே திறக்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பிரதியை முறைப்படி நீக்கிவிட்டுக் கணிப்பொறியை மீண்டும் துவக்கினால், டிஃபெண்டர் திரும்ப வந்து பொறுப்பேற்கும். வந்துவிட்டதா என்பதை ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்ற பகுதியில் பச்சைக் குறி பார்த்து அறியலாம்.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அவாஸ்ட் என்னும் புகழ்பெற்ற இலவச ஆன்டிவைரஸைக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தினர். அவர்கள் எந்தெந்த வலைத்தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை அந்நிறுவனம் ‘ஜம்ப்ஷாட்’ என்ற தன் துணை நிறுவனத்தின் வழியாக விற்று வந்தது 2020 ஜனவரியில் வெளிப்பட, ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் இதற்காக 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அவர்களுடைய நிரல் வைரஸைப் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை, நன்றாகவே பிடித்தது. வாசலில் காவல் நின்றவர் வீட்டில் நடப்பதைக் கடைத்தெருவில் விற்றார் என்பதுதான் குறை. எனவே எந்த இலவச நிரலை நிறுவும்போதும் ‘அடுத்து, அடுத்து’ என்று வேகமாக அமுக்காமல், தானாகவே குறியிடப்பட்டிருக்கும் கட்டங்களைப் படித்துப் பார்த்து, வேண்டாதவற்றை எடுத்துவிட வேண்டும்.

நம் நாட்டுக்காரர்களும் இத்துறையில் பெயர் பெற்றிருக்கின்றனர். சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7 நிறுவனத்தின் ஆன்டிவைரஸ், சுமை குறைந்தது என்று மேற்சொன்ன வேகத் தேர்வுகளில் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் அது விலைக்குரியது. மத்திய அரசு 2017 பிப்ரவரி 21 அன்று ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்னும் மையத்தைத் தொடங்கியது. அதன் வழியாக குவிக் ஹீல், கே7 போன்ற இந்திய நிறுவனங்கள் ஆக்கிய துப்புரவுக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை எப்போதும் விழித்திருக்கும் காவல்காரர் அல்லர். அழைத்தபோது வந்து வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டுப் போகிறவர்கள். ஆகையால் டிஃபெண்டரோடு சண்டை வராது.

இப்போது பென் டிரைவுக்கு வருவோம். செய்முறைத் திட்டத்தை அச்செடுக்க ஒரு கடைக்குப் போய் வந்த பிறகு, நம் கோப்புறைகள் எல்லாம் மறைந்து, அதே பெயரில் சிறு அம்புக்குறி போட்ட படங்கள் மட்டும் தெரிவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்று இதைச் சொல்வார்கள். அம்புக்குறி உள்ளதைத் திறந்தால் வைரஸ் நம் கணிப்பொறிக்குள் குதிக்கிறது. பதறிப்போய் பென் டிரைவை அழித்துவிடாதீர்கள்! உங்கள் கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். எதையும் திறக்காமல் முதலில் டிஃபெண்டரைக் கொண்டு சோதனை செய்து, பிறகு மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்தால் அவை தென்படும். கடைக்கு எடுத்துச் செல்லத் தனியாக ஒரு பழைய பென் டிரைவ் வைத்து, அதில் அச்செடுக்க வேண்டிய கோப்பை மட்டும் போட்டுக்கொள்ளும் பழக்கம் எங்கள் வகுப்பில் பலருக்கு வந்துவிட்டது. தாத்தாவின் படங்களை வேறொரு பென் டிரைவில் பிரதியெடுத்து அலமாரியில் வைத்து, எங்கும் செருகாமல் விட்டுவிட வேண்டும்.

காவல்காரன் விழித்திருக்கிறானா என்று பார்க்கவும் வழி உண்டு. ‘ஐகார்’ என்ற அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கியிருக்கிறது. அது யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸ் என்றே பாவித்துக் கூச்சலிட வேண்டும் என்பது ஏற்பாடு. தீயணைப்பு ஒத்திகை போல.

கடைசியாக, மிகப் பழைய கணிப்பொறிகளின் சேதி. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொண்டோருக்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டிப்பு என்று அறிவித்தனர். விண்டோஸ் 10-இல் டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்றாலும், ஓட்டை அடைக்கப்படாத கூரையின் கீழ் காவல்காரனை நிறுத்துவது போன்றதே அது. வானாகிரையின்போது தப்பியவை எவை என்று முன்பே பார்த்தோம். விண்டோஸ் 11-ஐத் தாங்க முடியாத அரசு மடிக்கணினிகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. அவற்றில் பலவற்றைத் தரும்போதே விண்டோஸோடு ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் சேர்த்தே தந்தார்கள். மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அந்தப் பழைய பிரதியை அப்படியே பயன்படுத்தாமல், ‘பாஸ்’ அல்லது லினக்ஸ் மிண்ட் ஆகியவற்றின் புதிய பதிப்பை, ரேம் அளவுக்கு ஏற்றதாகப் பார்த்து, விவரம் தெரிந்தவரைக் கொண்டு ஏற்றிக்கொண்டால், விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட வைரஸ்கள் பெரும்பாலும் அங்கே செல்லாக்காசு. பாடம் படிக்க, கட்டுரை தட்டச்சு செய்ய, இணையம் பார்க்க அது போதும். அதுவரை அந்தப் பழைய விண்டோஸில் வங்கிக் கணக்கை மட்டும் திறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள். எச்சரிக்கையை மீறிப் பணம் பறிபோய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த எண்ணை நாங்கள் ஒரு காகிதத்தில் எழுதி, கணிப்பொறி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.