அசையாத சுமை

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் அமைந்துள்ளது பண்டார் தெங்காரா. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் பழக்குலைகளை ஏற்றிச் செல்லும் கனவுந்துகளை அடிக்கடி காணலாம். குலைகள் சாலையில் விழாமலிருக்க அவற்றின்மீது வலை போர்த்துவார்கள். வலை இல்லையென்றால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு ஆபத்து என்பது பார்த்தவுடன் புரியும். ஆனால், இணையம்வழி வாங்கிய பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவரும் மூடிய கனவுந்தின் உள்ளே நடப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கும் சுமை நகரும். அங்கும் ஆபத்து உண்டு.

சுமை ஏன் நகர்கிறது? கனவுந்து ஓடும்போது அதனுள் இருக்கும் பெட்டியும் அதே வேகத்தில் செல்கிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் கனவுந்தின் வேகம் குறைகிறது. பெட்டியோ முன்போலவே செல்ல முற்படுகிறது. இப்பண்பை நிலைமம் என்பர். ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் இதனை முதல் இயக்க விதியாக வகுத்தார். தளத்தின் உராய்வு பெட்டியை ஓரளவு தடுக்கும். திடீரென நிறுத்தும்போது அது மட்டும் போதாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கனவுந்து எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத பெட்டி ஏறக்குறைய அதே வேகத்தில் முன்சுவரைத் தாக்கும். சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெட்டி தரையைத் தொடும் வேகமும் அதுவே. அச்சுவருக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் ஓட்டுநர்.

நகரும் சுமை எத்தகைய அழிவைத் தரும் என்பதற்கு வானூர்தி விபத்து ஒன்று சான்றாகும். 2013 ஏப்ரல் 29-இல் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து புறப்பட்ட போயிங் 747 சரக்கு விமானம் சற்று நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. விமானத்திலிருந்த 7 பேரும் மாண்டனர். உள்ளே இருந்த கவச வாகனங்கள் சரியாகக் கட்டப்படவில்லை என்றும், அவற்றுள் ஒன்றேனும் பின்னோக்கி நகர்ந்து விமானத்தின் இயக்கக் கருவிகளைச் சேதப்படுத்தியது என்றும் விசாரணை கண்டறிந்தது.

சுமையை அசையாமல் வைக்க முதலில் இடைவெளியை நீக்க வேண்டும். பெட்டிகளை முன்சுவரோடு ஒட்டி, ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்க வேண்டும். கனமானவை கீழேயும் இலேசானவை மேலேயும் இருக்க வேண்டும். அடியில் இரப்பர் விரிப்பு இட்டால் உராய்வு கூடும். பின்னர், பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டை செங்குத்தாக இறங்கினால் சுமையை முழு விசையோடு தளத்தில் அழுத்தும். 30 பாகைச் சாய்வில் இறங்கினால் அவ்விசை பாதியாகிவிடும். ஐரோப்பியத் தர விதியின்படி, சாலையில் செல்லும் சுமையின் கட்டு, முன்பக்கம் சுமை எடையின் 80 விழுக்காட்டு விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 விழுக்காட்டு விசையையும் தாங்க வேண்டும்.

பொட்டலக் கனவுந்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொட்டலம் இறங்க, உள்ளே ஓர் இடைவெளி பிறக்கிறது. காலையில் இறுக்கமாக இருந்த சுமை நண்பகலில் தளர்ந்துவிடுகிறது. எனவே, கடைசியாக இறக்க வேண்டியதை முதலில் ஏற்றுவதும், வழியில் நின்று மீதமுள்ளவற்றை மீண்டும் நெருக்கிப் பட்டையை இறுக்குவதும் இன்றியமையாதவை.

இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். “பொருள் இன்னும் வரவில்லையே!” என்று நாம் அவசரப்படுத்தும்போது, ஓட்டுநர் முதலில் கைவிடக்கூடியது அந்தச் சில நிமிடங்களைத்தான். நாம் பொறுமையுடன் காத்திருப்பதும் அவரது உயிருக்கு ஒரு பாதுகாப்பே.