இறுதி ஆண்டின் விளையாட்டுத் தட்டுகள்

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பழைய விளையாட்டுக் கருவிகளுக்குத் தட்டுகள் சேர்ப்போர் பெரும்பாலும் புகழ்பெற்ற பெயர்களையே நாடுவர். கருவியின் இறுதி ஆண்டை நாடுக என்பேன் நான். சேகா நிறுவனத்தின் 'சாட்டர்ன்' இதற்குத் தக்க சான்று. 1994 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த அதற்கு, 1998 நவம்பரிலேயே 'டிரீம்காஸ்ட்' என்னும் வாரிசு வந்துவிட்டது. கடையடைக்கும் வேளையில் வந்த சரக்கை யார் திரும்பிப் பார்ப்பர்?

தீயணைப்பு வீரரைத் தலைவராக்கிய 'பர்னிங் ரேஞ்சர்ஸ்' அவ்வாண்டில் வந்ததே. எரியும் கட்டடத்துள் காதில் ஒலிக்கும் குரலே நமக்கு வழிகாட்டி.

எனினும் என் முதல் தேர்வு 'ஷைனிங் ஃபோர்ஸ் 3'. ஒரே போரை மூன்று தலைவர்களின் நிலையில் நின்று கூறும் மூன்று பாகங்கள். ஒன்றில் நாம் செய்தது மற்றொன்றில் விளையும். ஆங்கிலத்தில் வந்ததோ முதல் பாகம் மட்டுமே! எஞ்சியவற்றைப் பின்னாளில் ஆர்வலர்களே மொழிபெயர்த்தனர். ஆதலின் மூன்று ஜப்பானியத் தட்டுகளையும் ஒருங்கே தேடுதல் நன்று. அவற்றுக்கு ஜப்பானியக் கருவியே பொருந்தும் என்பதையும் நினைவிற்கொள்க. வாங்கியதும் கருவியின் பின்புறமுள்ள நாணய வடிவ பேட்டரியை மாற்றிவிடுக. அது தீர்ந்தால் கருவியில் பதிந்த ஆட்டம் அழியும். முதல் பாகத்தில் நாம் செய்தது இரண்டாம் பாகத்தை எட்டாது.