முடங்கியது காலா, வாழ்வா?

எமது கிராமங்களிலே ஒருவரைப் பற்றி "அவர் படுக்கையிலே" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. எறிகணைச் சிதறல் முதுகில் பட்டவர், பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவர், கிணறு வெட்டும்போது மண் சரிவில் அகப்பட்டவர், வீதி விபத்தில் சிக்கியவர் என இவ்வாறு படுக்கையில் இருப்போர் பலர். 2009இல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து முள்ளந்தண்டுக் காயத்துடன் வெளியேறியவர்களில் அன்று இளைஞராயிருந்தோர் இன்று நடுத்தர வயதினர். அவர்களைத் தூக்கிப் பராமரித்த தாய்மாருக்கு முதுமை வந்துவிட்டது. ஆகவே பராமரிப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல் குடும்பம் முழுவதும் கற்றுக்கொள்ளவேண்டிய காலம் இது.

இப்பாடத்தில் இரண்டு முடக்கங்களைப் பற்றிச் சிந்திப்போம். ஒன்று உடலின் முடக்கம். மற்றது உள்ளத்தின் முடக்கம். முதலாவது ஒருவரைத் தாக்குகிறது. இரண்டாவது வீடு முழுவதையும் பற்றிக்கொள்ளக் கூடியது.

உடலில் நடப்பது என்ன?

குளத்தில் தண்ணீர் இருக்கிறது, வயலும் இருக்கிறது, இடையில் வாய்க்கால் உடைந்துவிட்டால் வயலுக்கு நீர் போகாது. முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் அத்தகைய வாய்க்கால். மூளையின் கட்டளை அதன் வழியே கைகால்களுக்குப் போகிறது. சூடு, குளிர், நோவு பற்றிய செய்தி அதன் வழியே மூளைக்குத் திரும்பி வருகிறது. கழுத்தில் காயம் ஏற்பட்டால் கைகளும் கால்களும் பாதிக்கப்படும். அதற்குக் கீழே முதுகில் ஏற்பட்டால் கால்கள் பாதிக்கப்படும். சலம், மலம் கழிக்கும் உணர்வும் கட்டுப்பாடும் பெரும்பாலும் குறைந்துபோகும். முற்றாக அறுந்த முண்ணாணை மீண்டும் இணைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. "எண்ணெய் பூசினால் நடப்பார்" என்று சொல்லி, இருக்கும் ஆட்டையும் நகையையும் விற்கச் செய்பவர்களிடம் நாம் ஏமாறக்கூடாது.

அகதியாய் வந்த வைத்தியர் காட்டிய வழி

முற்காலத்தில் இவ்வாறு காயப்பட்டோரில் பெரும்பாலானோர் ஓரிரு வருடங்களுக்குள் இறந்தனர். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சலத்தில் ஏற்பட்ட கிருமித்தொற்றுமே. இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் லுட்விக் குட்மன் என்னும் யூத வைத்தியர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர் அவர். 1944இல் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார்.

அவர் செய்தவை இரண்டு. முதலாவது, இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளரைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். இரண்டாவது, அவர்களுக்கு வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948இல் முன்னாள் படையினர் 16 பேர் அங்கே சக்கர நாற்காலியிலிருந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பராலிம்பிக் விளையாட்டுக்கு வித்திட்டது அப்போட்டியே. உடலைப் புரட்டிவிட்டால் மட்டும் போதாது, மனிதரையும் எழுப்பவேண்டும் என்பதே அவர் காட்டிய வழி.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. படுக்கைப்புண்: படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் கால்மணி முதல் அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை, கைகளை ஊன்றியோ முன்னும் பக்கமும் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் பாரத்தைக் குறைக்கவேண்டும். காலையும் மாலையும் இடுப்பு, வால் எலும்பு, குதிக்கால் ஆகியவற்றைப் பாருங்கள். எமது கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தோல் வழமையைவிடக் கறுத்தோ, சூடாகவோ, தடித்தோ இருந்தால் அந்த இடத்தில் பாரம் படவிடாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். தோல் உடைந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். வளையம்போல் சுற்றிய துணியிலோ ரியூப்பிலோ இருத்துவது நல்லதன்று; வளையத்தின் விளிம்பு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

2. சூடு: உணர்ச்சி இல்லாத காலில் சுடுவது தெரியாது. அடுப்பு, சுடுநீர், வெயிலில் காய்ந்த தகரம் ஆகியவற்றில் கவனம் தேவை.

3. சலம்: வைத்தியசாலையில் காட்டித்தந்தபடி சுத்தமான கைகளுடன், சொல்லப்பட்ட நேரங்களில் சலப்பையை வெறுமையாக்குங்கள். காய்ச்சல், நடுக்கம், கலங்கிய சலம் என்பன தொற்றின் அறிகுறிகள். நனைந்துவிடும் என்ற வெட்கத்தால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக்கூடாது.

4. மலம்: ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்குப் பின்னர் பழக்கப்படுத்தலாம். கீரை, பழம், பயறு உதவும்.

5. மூட்டுகள்: கைகால் மூட்டுகளை நாள்தோறும் மெதுவாக அசைத்து மடக்கி நீட்டிவிடுங்கள். அசைக்காத மூட்டு இறுகிவிடும்.

6. ஆபத்து: நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே காயம் உள்ளவருக்குத் திடீரெனக் கடும் தலையிடியும் முகத்தில் வியர்வையும் வந்தால் தாமதிக்கவேண்டாம். அவரை நிமிர்த்தி இருத்துங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சலக்குழாய் மடங்கியோ அடைத்தோ உள்ளதா எனப் பாருங்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரத்த அழுத்தம் அளவுமீறி ஏறியிருக்கலாம்.

இடம்பெயர்ந்திருப்போர் கிளினிக் கொப்பி, மருந்து, சலக்குழாய் ஆகியவற்றை ஒரே பையில் எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது. கொட்டில் போடும்போது மலசலகூடத்துக்குக் கிட்டிய இடத்தை இத்தகைய குடும்பத்துக்கு ஒதுக்குமாறு கேட்பது சலுகையன்று, அது நியாயம்.

உள்ளம் மரத்துப்போகும்போது

கால் மரத்துப்போவது போல உள்ளமும் மரத்துப்போவதுண்டு. காணியை விட்டு வந்த கமக்காரர் மழை பெய்தாலும் வானத்தைப் பார்ப்பதில்லை. விதைப்புக் காலம் வந்து போகிறது. அவர் வாசலில் குந்தியிருக்கிறார். நித்திரை இல்லை, பேச்சு இல்லை, சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. இதைச் சோம்பல் என்று ஏசுகிறோம். உண்மையில் தாங்கமுடியாத இழப்பைச் சந்தித்த உள்ளம் தன்னை மூடிக்கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் தாக்குவதை விரிவாக எழுதியுள்ளார்.

முள்ளந்தண்டுக் காயமுள்ள வீட்டில் இந்த முடக்கம் இருவழியாக வருகிறது. படுத்திருப்பவர் "நான் பாரம்" என்று எண்ணத் தொடங்குகிறார். பராமரிப்பவரோ களைத்து, களைப்பைச் சொல்லவும் வெட்கப்பட்டு, உள்ளே காய்ந்துபோகிறார். ஒருவர் "நான் போய்விட்டால் நல்லது" என்று சொன்னால் அதைப் பகிடியாக எடுக்கவேண்டாம். தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

கேட்போமா?

அன்பினாலேயே நாம் ஒரு தவறு செய்கிறோம். "அவரைக் கரைச்சல்படுத்தக்கூடாது" என்று சொல்லி, கடன், காணி, பிள்ளையின் படிப்பு, கலியாணம் எதைப் பற்றியும் அவரிடம் கேட்பதில்லை. கால் போனவரிடமிருந்து நாம் வாயையும் பறித்துவிடுகிறோம். முப்பத்தெட்டு ஆண்டுகள் படுத்திருந்த ஒருவரைக் குளத்தருகே கண்ட இயேசு, குணமாக்குமுன் அவருடைய விருப்பத்தைக் கேட்டார் என யோவான் நற்செய்தி கூறுகிறது. கேட்பதே முதல் மருந்து.

தமிழ்நாட்டின் தென்காசிப் பக்கத்திலுள்ள ஆய்க்குடி கிராமத்தைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975இல், பொறியியல் மாணவராயிருந்தபோது, கடற்படை அதிகாரித் தெரிவுக்கான உடற்பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தம் ஊருக்கே திரும்பி, 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கையும் காலும் அசையாத ஒருவர் தொடங்கிய பணி, மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வி, சிகிச்சை, தொழிற்பயிற்சி எனச் சுற்றுக் கிராமங்களெங்கும் வளர்ந்தது.

எல்லோரும் நிறுவனம் தொடங்கவேண்டியதில்லை. சக்கர நாற்காலியின் உயரத்துக்கு மேடை கட்டினால் மிளகாய் நாற்றை அவர் பார்த்துக்கொள்வார். விதை வெங்காயம் தெரிவு செய்யலாம், கோழி வளர்க்கலாம், தொலைபேசியில் சந்தை விலை விசாரிக்கலாம், சங்கத்தின் கணக்கை எழுதலாம். கமத்தை அறிந்தவரின் அறிவு முதுகில் காயம்பட்டதால் அழிவதில்லை. அவர் சொல்ல, வாசலில் குந்தியிருக்கும் தம்பி மண்வெட்டியை எடுத்தால், ஒரே பாத்தியில் இரண்டு முடக்கங்களும் தளரத் தொடங்கும்.

ஊருக்கும் கடமை உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரை வேலையிலும் கல்வியிலும் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. பொது இடங்களுக்குச் செல்லும் உரிமையையும் தருகிறது. வாசிகசாலைக்கும் கோயிலுக்கும் ஒரு சாய்வுப்பாதை அமைக்க ஒருநாள் சிரமதானம் போதும். உதவிக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது ஊரில் படுக்கையில் இருப்போர் எத்தனை பேர்? கடைசியாக அவர்களை எப்போது சந்தித்தோம்?

2. இரவில் புரட்டிவிடும் தாய்க்கோ மனைவிக்கோ வாரத்தில் ஓரிரவு முழு நித்திரை கிடைக்க, முறைவைத்து யார் யார் உதவலாம்?

3. எமது அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வருவதற்குத் தடையாக இருப்பது என்ன? அதை இம்மாதத்திலேயே எவ்வாறு நீக்கலாம்?