தேடுபொறியின் வரிசை மாற்றமும் இணையத்தளங்களின் ஏற்றத்தாழ்வும்

கொழும்பு – கண்டி வீதியிலே கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து பேராதனையை நோக்கி வருவார்க்குப் பிலிமத்தலாவை என்றவுடன் நினைவிற்கு வருவன வீதியோரத்துப் பித்தளைக் கடைகளாகும். குத்துவிளக்கும் தட்டும் மணியும் பளபளக்க வரிசையாய் நிற்கும் அக்கடைகளுள் எது முதலிற் கண்ணிற் படுகின்றதோ, எதன் வாயிலில் வாகனம் நிறுத்த இடமுண்டோ, அதுவே கூடிய வியாபாரம் பெறுதல் இயல்பு. விளக்கை வார்க்கும் கைவினைஞன் உட்கிராமத்தில் இருப்பான். அவன் கைத்திறனை விலைப்படுத்துவது வீதியே. இன்று அவ்வீதியோடு இன்னொரு வீதியும் சேர்ந்துளது. மெல்பேணிலோ தொறொன்ரோவிலோ வாழும் ஒருவர் தமது கைத்தொலைபேசியிற் 'பித்தளைக் குத்துவிளக்கு, கண்டி' என எழுதித் தேடுகின்றார். அவர்முன் தோன்றும் பட்டியலின் முதற் சில வரிகளே அவருக்குக் கடைத்தெரு. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பொறுமை உடையார் மிகச் சிலரே.

நேற்றுவரை அப்பட்டியலின் மூன்றாம் இடத்தில் நின்ற தளமொன்று இன்று காலை முப்பதாம் இடத்திற் கிடக்கின்றது எனக் கொள்வோம். தளத்திலே ஓர் எழுத்தேனும் மாற்றப்படவில்லை. கடையும் அதுவே, விளக்கும் அதுவே. பின் வீழ்ச்சிக்குக் காரணம் யாது? வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள பழைய மாணவரும், பாடசாலைத் தளத்தைப் பராமரிக்கும் இன்றைய மாணவரும் ஒருங்கே எழுப்பும் வினா இதுவாதலின், அதனை ஈண்டுச் சற்று விரிவாக ஆராய்வோம்.

தேடுபொறி நாம் வினவும் அக்கணத்தில் உலகமெங்கும் ஓடித் தேடுகின்றது எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. தளங்களை முன்னரே பார்வையிட்டுப் படியெடுத்து, நூலகத்தின் சொல்லடைவு போன்ற பேரடைவு ஒன்றை அது ஆக்கிவைத்துள்ளது. வினா எழுந்ததும் அவ்வடைவைப் புரட்டிப் பொருத்தமான பக்கங்களை எடுத்து வரிசைப்படுத்துகின்றது. எடுத்தல் எளிது, வரிசைப்படுத்தலே அரிது. இலட்சம் பக்கங்களில் ஒரே சொல் இருப்பின் எதனை முதலில் வைப்பது? 1998 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜும் சேர்ஜி பிரினும் இதற்கு அழகியதொரு விடை கண்டனர். அறிஞர் பலரால் மேற்கோளாக எடுத்தாளப்படும் நூல் சிறந்ததெனக் கருதப்படுமாறு போலப் பிற தளங்கள் பல இணைப்புக் கொடுத்துச் சுட்டும் பக்கம் மேலானது. சுட்டுவது தானும் மதிப்புடைய தளமாயின் அச்சுட்டுக்கு நிறை அதிகம். பேஜ்ராங்க் என்ற இம்முறையே கூகிளின் அத்திவாரமாயிற்று. அப்பெயர் 'பக்கம்' என்ற பொருளோடு பேஜ் என்பாரின் பெயரையும் தாங்கி நிற்பது ஒரு சுவை.

ஆயின் மதிப்பீட்டு முறை இன்னதென்று தெரிந்தால் அதற்கேற்ப வேடமிடுவோர் தோன்றாதிரார். இணைப்புகள் விலைப்பொருளாயின, ஒரே சொல்லை நூறுமுறை திணித்த பக்கங்கள் மலிந்தன. இவற்றைத் தடுக்கப் பொறியின் படிமுறை, அஃதாவது அல்கோரிதம், திருத்தப்படலாயிற்று. 2003 நவெம்பரில், நத்தார் வியாபாரம் தொடங்கும் வேளையில், 'புளோரிடா' எனப் பெயர்பெற்ற திருத்தம் வந்து சிறு வணிகர் பலரைத் திகைக்க வைத்தது. 2011 பெப்ரவரியில் வந்த 'பாண்டா' ஆழமற்ற கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்த தளங்களைக் கீழே தள்ளியது. ஐக்கிய அமெரிக்காவிலே நூற்றுக்கு ஏறத்தாழப் 12 தேடல்களின் விடை வரிசை அதனால் மாறிற்று. 2012 ஏப்ரிலில் 'பென்குயின்' விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. பறவையும் விலங்குமான இப்பெயர்கள் கேட்க வேடிக்கையாயினும் விளைவு வேடிக்கையாயிருக்கவில்லை. தவற்றைத் திருத்திக்கொண்ட தளமும் உடனே மீளவில்லை. பென்குயின் மீண்டும் இயக்கப்படும்வரை காத்திருந்தது. 2014 ஒக்டோபருக்கும் 2016 செப்தெம்பருக்கும் இடையே அக்காத்திருப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளரின்றி நிற்கவல்ல சிறுகடை எத்துணை?

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர் மனத்திருத்தல் வேண்டும். தண்டனை வேறு, மறுமதிப்பீடு வேறு. 2011 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜே. சி. பெனி என்னும் பெருங்கடையின் தளத்திற்குப் பொருத்தமில்லாத ஆயிரக்கணக்கான தளங்களிலிருந்து இணைப்புகள் நாட்டப்பட்டிருந்தமையை நியூயோர்க் ரைம்ஸ் வெளிப்படுத்தியது. கூகிளின் அலுவலர் தம் கையாலேயே நடவடிக்கை எடுத்தனர். பயணப்பெட்டி பற்றிய ஒரு தேடலிலே இரவு ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த அக்கடை இரண்டு மணி நேரத்தில் எழுபத்தோராம் இடத்திற்கு இறங்கிற்று. இது தண்டனை. இத்தகைய கைநடவடிக்கை எடுக்கப்படின் தள உரிமையாளருக்கு அறிவித்தல் கிடைக்கும், மேன்முறையீட்டுக்கும் வழியுண்டு. ஆண்டில் சில தடவை நிகழும் 'மையத் திருத்தம்' அத்தகையதன்று. அங்கே குற்றச்சாட்டுமில்லை, அறிவித்தலுமில்லை, மேன்முறையீடுமில்லை.

இதனை நம் நாட்டுப் பரீட்சை முறையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி முறை 2001 முதல் நடைமுறையிலுள்ளது. இருவேறு ஆண்டுகளில் ஒரே பாடத்தில் எழுபது புள்ளி பெற்ற இருவரின் இசட் புள்ளிகள் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. உடன் தோற்றியோரின் சராசரியும் பரம்பலும் அதனை நிர்ணயிக்கும். மாணவன் தவறு செய்யாமலே பின்னிற்கலாம். அவ்வாறே மையத் திருத்தத்திற் பின்தள்ளப்பட்ட பக்கம் கெட்டுப்போன பக்கமென்று கொள்ளற்க. பிறபக்கங்கள் புதிய அளவுகோலிற் கூடிய மதிப்புப் பெற்றன, அவ்வளவே. கண்டி மாவட்டத்து வெட்டுப்புள்ளியும் நுவரெலியா மாவட்டத்து வெட்டுப்புள்ளியும் வேறுபடுமாறு போலத் தேடுவார் இருக்கும் இடத்திற்கேற்பவும் வரிசை வேறுபடும். ஆதலாற் பிலிமத்தலாவையிற் கைத்தொலைபேசியைத் தட்டி, "நாம் முதலாமிடம்" என மகிழும் கடைக்காரர், தொறொன்ரோவிலுள்ள மைத்துனரையும் தேடிப் பார்க்கச் சொல்வது நன்று. உவமை ஓரிடத்திற் பொருந்தாது: பரீட்சையின் பாடத்திட்டம் முன்னரே அச்சிட்டு வழங்கப்படும், தேடுபொறியின் அளவுகோலோ பொதுப்படவே கூறப்படும், நுணுக்கம் மறைக்கப்படும்.

தமிழ்த் தளங்களுக்கு இவற்றின் மேலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒருங்குறி பரவுமுன் நம் நாட்டுத் தமிழ்த் தளங்கள் பல பாமினி எழுத்துருவில் அமைந்தன. அவ்வெழுத்துருவில் 'அம்மா' என நாம் காணும் சொல் பொறியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் கோவையாகவே கிடந்தது. கண்ணுக்குத் தமிழ், பொறிக்குப் பொருளற்ற எழுத்துக் குவியல். ஒருங்குறியிற் 'அம்மா' எனத் தேடியவர்க்கு அப்பக்கம் எவ்வாறு அகப்படும்? 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தேடலில் அகப்பட்டமைக்கு உள்ளடக்கத்தின் சிறப்போடு ஒருங்குறியில் அமைந்தமையும் காரணமென்பது எமது கருத்து. பாமினியிலிருந்து மாறியபோது பக்க முகவரிகளையும் மாற்றி, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிகாட்டி நாட்டாது விட்ட தளங்கள், ஈட்டிய மதிப்பைத் தாமே இழந்தன. இத்தகைய வீழ்ச்சிக்குக் கூகிளை நோவதிற் பயனில்லை.

ஊர்ப்பெயர் எழுதும் வகையும் ஒரு சிக்கலே. பிலிமத்தலாவை, பிலிமத்தலாவ, பிலிமதலாவை எனப் பலவாறு எழுதுவர். முன்னாளிற் பொறி எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கியது. இன்று பொருளையும் ஓரளவு உணர்கின்றது. 2019 ஒக்டோபரில் ஆங்கிலத்திற்கு அறிமுகமான 'பேர்ட்' என்னும் மொழிவழி முறை அவ்வாண்டு டிசெம்பரில் தமிழும் சிங்களமும் உட்பட எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரிக்கப்பட்டது. 'கண்டியிலிருந்து பிலிமத்தலாவைக்கு பஸ்', 'பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு பஸ்' என்னும் இரண்டிலும் ஊர்கள் அவையே. வேற்றுமை உருபே பயணத்தின் திசையைக் காட்டுகின்றது. இத்தகைய வேறுபாட்டைப் பற்றுதலே அம்முறையின் நோக்கம். வேற்றுமையைக் கசப்பென்று கருதிய பழைய மாணவர் இதைக் கேட்டுப் புன்னகை புரிவாராக.

இனி, வருகை குறைந்தமை கண்டவுடன் படிமுறையைப் பழித்தல் முறையன்று. விளக்கு வியாபாரம் கார்த்திகைக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முன் ஏறிப் பின் இறங்கும். கடந்தகால வினாத்தாள்களை வழங்கும் பாடசாலைத் தளத்திற்குப் பரீட்சை முடிந்த மறுநாளே வருவார் இல்லை. இங்கே வரிசை தாழவில்லை, தேடுவோரே குறைந்தனர். இவ்வேறுபாட்டைக் காட்டுவது கூகிள் இலவசமாய் வழங்கும் 'சேர்ச் கொன்சோல்' என்னும் கருவி. தளம் எத்தனை முறை பட்டியலில் தோன்றிற்று, எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தனர், சராசரி இடம் யாது என்ற மூன்றையும் அது தனித்தனியே தரும். தோற்றம் குறைந்து இடம் மாறாதிருப்பின் பருவமே காரணமாதல் கூடும். இடமே தாழ்ந்திருப்பின், வீழ்ந்த நாளைக் கூகிள் வெளியிடும் திருத்த நாட்களோடு ஒப்பிடுக. திருத்தம் பரவி முடியுமுன் பக்கங்களை அழித்தலும் தலைப்புகளை மாற்றுதலும் வேண்டா. வழக்கமாக இரண்டு வாரமளவிற் பரவி முடிவதுண்டு. 2024 மார்ச் மாதத்துத் திருத்தம் 45 நாட்கள் எடுத்தது.

நேர்மையாக எழுதுவோர்க்கு எப்போதும் நீதி கிடைக்கின்றதா எனின், அவ்வாறு கூற எம்மால் இயலவில்லை. 'பயனுள்ள உள்ளடக்கம்' என்ற பெயரில் 2022 ஓகஸ்டில் தொடங்கிய திருத்தத்தின் 2023 செப்தெம்பர்ப் பதிப்பிலே, தாமே சோதித்தும் பயணம் செய்தும் எழுதிய தனியார் சிறுதளங்கள் பல வருகையின் பெரும்பகுதியை இழந்து முறையிட்டன. 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடற்றுறையிற் கூகிள் தன் ஏகபோகத்தைச் சட்டத்திற்கு மாறாகப் பேணியது எனத் தீர்ப்பளித்தார். ஒரே வீதி, அதன் உரிமையாளரும் ஒருவரே என்ற நிலையில் வீதி வளைக்கப்படின் கடைக்காரர் யாரிடம் செல்வர்?

இப்போது புதியதொரு மாற்றமும் நேர்ந்துளது. 2024 மே மாதம் முதல் அமெரிக்காவிலும் பின் பிற நாடுகளிலும் பட்டியலுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு ஆக்கிய சுருக்க விடை தோன்றுகின்றது. முதலிடத்திலுள்ள தளம் முதலிடத்திலேயே இருக்கும். ஆயின் விடையை மேலேயே படித்தவர் உள்ளே வாரார். தம் தளங்களுக்கு மனிதர் வருகை முந்திய ஆண்டின் அதே மாதங்களைவிட நூற்றுக்கு எட்டளவு குறைந்ததென விக்கிமீடியா நிறுவனம் 2025 ஒக்டோபரில் அறிவித்து, இச்சுருக்க விடைகளையும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது.

பிலிமத்தலாவையிலிருந்து தவுலகலை வழியே செல்வார் கடலாதெனிய, இலங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்று பழந்தலங்களையும் காணலாம். முதலிரண்டும் 1344 ஆம் ஆண்டோடு தொடர்புடையன. கடலாதெனியவின் தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். இலங்காதிலகவின் பாறையிற் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் உண்டு. இச்சாசனம் பற்றி மாணவன் ஒருவன் நேரிற் சென்று, படமெடுத்து, நல்ல தமிழிற் பக்கமொன்று ஆக்கினான் எனக் கொள்வோம். சுருக்க விடை அவன் பக்கத்திலிருந்தே செய்தியை எடுக்கும். அவன் பக்கத்திற்கோ ஒருவரும் வாரார். வருகையின்மையால் அவன் எழுதுவதை நிறுத்திவிடின், அடுத்த சாசனத்தைப் பற்றிச் சுருக்குவதற்குத் தமிழிலே பொறிக்கு யாதும் இராது. ஆங்கிலப் பக்கங்கள் கோடிக்கணக்கிலுள்ளன. சில மறையினும் குறை தெரியாது. இலங்காதிலகத் தமிழ்ச் சாசனம் பற்றித் தமிழில் உள்ள பக்கங்களையோ விரல்விட்டு எண்ணலாம்.