தாத்தா ஏன் விடியுமுன்னே எழுகிறார்?

அன்புள்ள கவின்,

தாத்தா மூன்றரை மணிக்கே எழுந்து வீட்டுக்குள் நடமாடுகிறார், மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் வயதானவர்களுக்குத் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் தரும். பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், தூக்கம் போன கவலையே சின்னதாகிவிடும்.

முதலில் அவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று பார். எட்டரைக்குக் கண்ணயர்பவர் மூன்றரைக்கு விழித்தால் ஏழு மணி நேரம் தூங்கியாயிற்று. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் போதும் என்பதுதான் பரிந்துரை. வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னால் நகர்கிறது. ஆழ்ந்த தூக்கமும் குறைகிறது. மாலை வெயிலில் கொஞ்சம் நடக்கச் சொல், படுக்கும் நேரம் தள்ளிப்போகும். மத்தியானத் தூக்கம் அரை மணியைத் தாண்ட வேண்டாம். நாலு மணிக் காபியை நிறுத்தச் சொன்னால் சண்டைக்கு வருவார். அதையும் மத்தியானத்துக்கு முன்பே கொடுத்துப் பார்.

இடையிடையே சிறுநீருக்கு எழுகிறாரா? சாயங்காலம் அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடு. குழி விழுந்து அப்படியே நின்றால் காலில் நீர் கோத்திருக்கிறது. பகலெல்லாம் நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டதால் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. மாலையில் கொஞ்ச நேரம் காலை உயர்த்தி வைத்தால் குறையலாம். ஆனால் இதயம், சிறுநீரகக் கோளாறாலும் கால் வீங்கும், டாக்டரிடம் காட்டிவிடு. நீர் மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறாரென்றால் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரையே கேள், நீயாக மாற்றாதே.

குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறி மறுபடி தொடங்கினால் அதைக் கேலி செய்யாதே. அது சிகிச்சை வேண்டிய நோய்.

தூக்கத்தின் தரத்தை அளக்க 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் கேள்வித்தாளை இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதோடு அது நிற்பதில்லை. சாப்பிடும்போதும் நாலு பேரோடு இருக்கும்போதும் விழித்திருக்கச் சிரமமா, வேலைகளைச் செய்ய உற்சாகம் இருக்கிறதா என்றும் கேட்கிறது. எனக்குப் பிடித்தவை இந்தக் கேள்விகள்தான். தாத்தா பகலில் பேப்பர் படித்து, தெருக்காரர்களோடு அரசியல் பேசி, உன்னைத் திட்டவும் தெம்போடு இருந்தால், மூன்றரை மணி விழிப்பு ஒரு நோயே அல்ல. முகம் வாடி, எதிலும் ஆசை விட்டுப்போயிருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப்போ. அவர் போடும் மாத்திரை அட்டைகளையெல்லாம், சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் எடுத்துக்கொள்.

அன்புடன்,
அத்தை