வடிகட்டிகள்

வேண்டியதைச் செல்லவிட்டு வேண்டாததைத் தடுப்பதே வடிகட்டியின் தொழில். இஃது எளிய தொழிலேயாயினும், ஒரு நகர மக்களின் உயிரைக் காத்த பெருமை இதற்கு உண்டு.

ஜெர்மனி நாட்டில் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்னும் இரு நகரங்கள் அடுத்தடுத்து இருந்தன. 1892ஆம் ஆண்டில் ஹாம்பர்க்கில் காலரா பரவி, 8,000 பேருக்கு மேல் மாண்டனர். அந்நகரின் கழிவுநீர் கலந்த பின்னரே ஆற்றுநீர் ஆல்டோனாவை அடைந்தது. எனினும் ஆல்டோனாவில் நோய் பெரிதும் பரவவில்லை. எல்லைத் தெருவொன்றில் ஹாம்பர்க்கின் நீரைப் பருகிய பக்கத்தார் நோயுற்றனர். ஆல்டோனாவின் நீரைப் பருகிய எதிர்ப்பக்கத்தார் தப்பினர். காரணம் யாது? ஹாம்பர்க் ஆற்றுநீரை வடிகட்டாமலே வழங்கியது. ஆல்டோனாவோ மணற்படுகையின் வழியே மெல்லக் கசியவிட்டு வழங்கியது. இவ்வுண்மையை அறிஞர் இராபர்ட் காக் எடுத்துக்காட்டினார். 1893இல் ஹாம்பர்க்கும் மணல் வடிகட்டியை இயக்கத் தொடங்கியது.

மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் நிறைந்த வழுவழுப்பான படலம் ஒன்று படர்கிறது. நோய்க்கிருமிகளைத் தடுப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. மீன்தொட்டியின் வடிகட்டியிலும் நுண்ணுயிர்களே உழைக்கின்றன. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா அவற்றுக்கு நஞ்சாகும். வடிகட்டியின் பஞ்சில் வாழும் பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தூய்மை கருதி அப்பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் பாக்டீரியாக்கள் மடியும், மீன்களும் மடியக்கூடும்.

நீரைப் போலவே ஒளியையும் வடிகட்டலாம். 1990இல் விண்ணில் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி, ஒவ்வொரு வடிகட்டியின் வழியாகவும் நிறமற்ற படத்தையே எடுக்கிறது. 1995இல் கழுகு நெபுலாவை எடுத்தபோது, கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் ஒளியைத் தனித்தனியே பிரித்து, முறையே சிவப்பு, பச்சை, நீலம் எனும் நிறங்களைத் தந்து ஒன்றாக இணைத்தனர். கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடுகள் அதனால் புலப்பட்டன.

கைப்பேசியில் தற்படம் எடுப்போரும் வடிகட்டியைப் பயன்படுத்துகின்றனர். அது தழும்பை மறைக்கிறது, கண்ணைப் பெரிதாக்குகிறது. விண்மீன் படத்தை வெளியிடும் அறிஞர், எவ்வடிகட்டிக்கு எந்நிறம் தந்தனர் என்பதையும் உடன் எழுதுகின்றனர். தற்படத்தில் அக்குறிப்பு பெரும்பாலும் இல்லை. ஆதலின், பிறருடைய படத்தைக் கண்டு தம் முகத்தை இகழ்வோர், தாம் காண்பது முகமன்று, வடித்தெடுத்த படமே என்பதை உணர்தல் வேண்டும்.